கடை டீயில் இருக்கும் அந்த இது

வலது மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு, சேலத்தில் பஸ் ஏறி, பதினோராவது கொண்டை ஊசி வளைவில் எலுமிச்சம்பழத்தை மூக்கோடு வைத்து அழுத்தியபடி கண்ணை மூடி உட்கார்ந்திருந்த ஹலீமாவிடம், பக்கத்தில் இருந்த அவள் வீட்டுக்காரர் பஷீர் அகமது கேட்டார்.

"அப்ப காலையில டீக்கு என்ன பண்றது?"

ஹலீமா எலுமிச்சம்பழத்தை இன்னும் அழுத்தினாள். அந்த வளைவில் வாயைத் திறந்தால் என்ன வெளியே வரும் என்று அவளுக்கே நிச்சயமில்லை. ஆடி மழையில் பாசி பிடித்துக் கிடந்த துவைகல்லில் வழுக்கி விழுந்து, கையை ஊன்றி, எலும்பை முறித்துக்கொண்டவள் அவள். ஆறு வாரத்துக்குக் கட்டைப் பிரிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது இந்த மனுஷனும் பக்கத்தில்தான் நின்றார். இனி சோறாக்குவது யார், துணி துவைப்பது யார், ஹலீமாவுக்குத் தலை வாரிவிடுவது யார் என்று எத்தனையோ இருந்தது யோசிக்க. அதில் எதுவும் அவர் மண்டையில் ஏறவில்லை. டீ மட்டும் ஏறியிருந்தது.

அவர் டீக்கடைக்காரர் வேறு. அதை நினைத்தபோதுதான் ஹலீமாவுக்குக் கை வலியை மீறிக்கொண்டு எரிச்சல் வந்தது.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டை ஒட்டிய பஷீர் பாய் கடையைத் தெரியாதவர்கள் மலையில் கிடையாது. இஞ்சி டீ என்றால் அந்தக் கடைதான். டிரைவர் கடைசி வாய் குடித்து முடிக்கும்வரை கண்டக்டர் விசில் ஊத மாட்டார். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர்கள் வேலை இருக்கிறதோ இல்லையோ ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டு அங்கே வந்து நிற்பார்கள். கொட்டச்சேட்டுக்கும் செம்மநத்தத்துக்கும் போகிற பஸ்ஸில், நின்றுகொண்டே போனாலும் போகிறார்களே தவிர, அந்த டீயைக் குடிக்காமல் ஏற மாட்டார்கள். ஊரே குடித்த அந்த டீயை, கடைக்காரர் பெண்சாதி ஹலீமா மட்டும் இருபத்தொரு வருஷமாக ஒரு வாய் குடித்ததில்லை.

குடிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வாய்க்கவில்லை, அவ்வளவுதான். வீடு பஸ் ஸ்டாண்டிலிருந்து இருபது நிமிஷ ஏற்றத்தில் இருந்தது. டிரைவர்களும் லோடு ஏற்றுகிறவர்களும் உட்கார்ந்திருக்கிற பெஞ்சில் பாய் வீட்டுப் பொம்பளை போய் உட்கார முடியாது. ஒருமுறை அவளே சந்தையில் பிளாஸ்க் வாங்கிக் கையில் கொடுத்துப் பார்த்தாள். "பிளாஸ்க்குல ஊத்துனா அது டீயா? ஆஸ்பத்திரிக் கஞ்சி," என்று பரணில் தூக்கிப் போட்டுவிட்டார். சேலம் போகிற நாட்களில் அவள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருக்க, கடை எதிரிலேயே இருக்கும். பஷீர் அகமது ஜன்னலோரம் வந்து நின்று, "மலை எறங்கும்போது டீ குடிச்சா வாந்தி வரும்," என்பார். திரும்பி வரும்போது இருபது வளைவிலும் வாந்தி எடுத்து முடித்திருப்பாள். அப்போது டீ இல்லை, பாயசத்தையே நீட்டினாலும் வேண்டாம் என்பாள்.

சரி, குடிக்காவிட்டால் போகிறது என்று விட்டிருக்கலாம். அந்த மனுஷன் விடவில்லை.

ஹலீமா ஆத்தூரில் பிறந்தவள். எழுபத்தொன்றில் கல்யாணமாகி ஏற்காட்டுக்கு வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. மார்கழிக் குளிரில் பல் தந்தியடித்தது. மலை மாட்டுப் பாலில் பச்சிலை வாசம் அடித்து, டீ தொண்டையில் இறங்க மறுத்தது. அவளாகத்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். இஞ்சியைத் தோல் சுரண்டி, நசுக்கி, பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைப்பாள். நாலு மிளகு, தோலோடு ஓர் ஏலக்காய். அது ஆரஞ்சுக் காலம். வீட்டில் தின்று போட்ட பழத்தின் தோலை அடுப்பு மேட்டில் காயவைத்திருந்தாள். அதில் கட்டைவிரல் நகம் அளவு கிள்ளிப் போட்டாள். தண்ணீர் நிறம் மாறும்வரை கொதித்ததும் டீத்தூள். பால் அதற்குப் பிறகுதான். மூன்று முறை பொங்கி அடங்கவிட்டு வடிகட்டினால், பச்சிலை வாசம் போன இடம் தெரியாது. கடைசியில் சர்க்கரை. ஆரஞ்சுத் தோல் சமாச்சாரத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தாள்.

முதல் நாள் அந்த டீயைக் கொடுத்தபோது புது மாப்பிள்ளை ஒரு வாய் உறிஞ்சினார். கண்ணை மூடினார். ஹலீமா முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"நல்லாத்தான் இருக்குது," என்றார். "ஆனா நம்ம கடை டீயில இருக்கற அந்த இது வரல."

"எதுங்க வரல?"

"அதான்... அந்த இது." கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துக் காட்டினார்.

அன்றைக்குப் பிடித்தது சனி. காலை நாலரை மணிக்குக் கடை திறக்கப் போகுமுன் ஒரு டீ, சாயங்காலம் திரும்பி வந்ததும் ஒரு டீ. இரண்டு வேளையும் அதே உறிஞ்சல், அதே கண் மூடல், அதே 'ஆனா'. ஹலீமா ஒரு மாதம் கிராம்பு சேர்த்துப் பார்த்தாள். அடுத்த மாதம் பட்டை. துளசி போட்டாள். டீத்தூளை மாற்றினாள், பாத்திரத்தை மாற்றினாள். கருப்பட்டி போட்டுப் பால் திரிந்து இரண்டு படி பால் வீணானது. எதற்கும் அந்த இது வரவில்லை. ஒருநாள் வெறுத்துப்போய் எதையுமே மாற்றாமல் முந்தின நாள் போட்ட மாதிரியே போட்டுக் கொடுத்தாள். "நேத்தைக்கு இன்னிக்குக் கொஞ்சம் கிட்ட வந்திருக்குது," என்றார். பாத்திரத்தை எடுத்து அவர் தலையில் கவிழ்த்துவிடலாமா என்று இருந்தது அவளுக்கு.

மகள் ஜரீனா பிறந்து, படித்து, கல்யாணமாகிச் சேலத்துக்கும் போய்விட்டாள். 'ஆனா' போகவில்லை. ஹலீமா நகை கேட்டதில்லை, பட்டு கேட்டதில்லை. ஒரே ஒரு நாள் அந்த 'ஆனா' இல்லாமல் அவர் கிளாஸைக் கீழே வைக்க வேண்டும். அதற்கு மேல் அந்த மனுஷனிடம் அவள் எதையும் எதிர்பார்க்கவில்லை. அது ஒன்றுதான் நடக்கவில்லை.

இதில் சின்னையனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். செம்மநத்தத்துக்காரன். கடையில் வேலை. பாய் வீட்டில் 'சின்னையன் கிளாஸ் கழுவுனான், சின்னையன் தண்ணி தூக்குனான்' என்று பேச்சில் வருவதால், கடையில் எடுபிடி என்று ஹலீமா வைத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்கு மேல் கடை கிடையாது. அன்றைக்கு ஊருக்குப் போகிற வழியில் அவன் தன் காட்டில் விளைந்த இஞ்சியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவான். பின்வாசலில் நின்று ஒரு கிளாஸ் டீ குடிப்பான். கடைசிச் சொட்டுவரை குடிப்பான். "நொம்ப நல்லாருக்குதுங்க பாயம்மா," என்பான். கிளாஸ் கழுவுகிறவனுக்கு டீயைப் பற்றி என்ன தெரியும் என்று ஹலீமா அதைக் காதிலேயே போட்டுக்கொண்டதில்லை.

இப்போது கை முறிந்து கிடக்கிற கதைக்கு வருவோம்.

பக்கத்து வீட்டுச் சாந்தாமேரி கான்வென்டில் ஆயா வேலை பார்ப்பவள். நல்ல மனசு. "அக்கா, சோத்தயும் கொழம்பையும் நான் பாத்துக்கறேன், நீங்க பேசாம உக்காருங்க," என்று பொறுப்பை எடுத்துக்கொண்டாள். ஆனால் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து பாய்க்கு டீ போட்டுக் கொடு என்று அவளிடம் எந்த முகத்தோடு கேட்பது?

முதல் நாள் காலை பஷீர் அகமது அடுப்படி வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தார். அடுப்பு அணைந்து கிடந்தது. பெருமூச்சு விட்டுவிட்டுக் கடைக்குப் போனார். இரண்டாம் நாளும் எட்டிப் பார்த்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "ஒரு வாய் டீ இல்லாம ஊடு ஊடு மாதிரியே இல்ல," என்றார், காற்றைப் பார்த்துச் சொல்வதுபோல.

ஹலீமாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, ஊருக்கெல்லாம் டீ போட்டுக் குடுக்கறவரு, ஊட்ல ஒரு நாளைக்குப் போட்டாத்தான் என்னவாம்?"

"காலையிலருந்து டீயோட மல்லுக்கட்டிட்டு வந்து, ஊட்லயுமா?"

"நான் இருபத்தொரு வருசமா மல்லுக்கட்டலயா? எனக்கும் ஒரு கிளாஸ் போடுங்க. அந்த இது எப்படி இருக்கும்னு நானும் இன்னிக்குப் பாத்தர்றேன்."

அவர் தலையைச் சொறிந்தார். தலை வலிக்கிறது என்றார். பிறகு மண்ணெண்ணெய் வாடை ஒத்துக்கொள்ளாது என்றார். ஹலீமா மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். கடைசியில் எழுந்து அடுப்படிக்குள் போனார். ஸ்டவ்வைப் பற்றவைக்க ஏழு தீக்குச்சி செலவானது. உள்ளே இஞ்சி நசுங்குகிற சத்தம் கேட்டது. ஹலீமாவின் மனசு அவளையும் மீறிக் கொஞ்சம் துள்ளியது. இருபத்தொரு வருஷம் காத்திருந்த டீ அல்லவா.

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. எழுந்துபோய்ப் பார்த்தாள். பஷீர் அகமது பாத்திரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பால் திட்டுத்திட்டாகத் திரிந்து, இஞ்சித் துண்டுகள் நடுவே மிதந்தன. தண்ணீர் என்பதே அதில் இல்லை.

"பால்காரி பாவாயி பால்ல என்னத்தயோ கலந்துட்டா," என்றார்.

"பாவாயி ஒண்ணும் கலக்கல. அந்தப் பாலத்தான் மத்தியானம் சாந்தாமேரி காய்ச்சினா, நல்லாத்தான் பொங்குச்சு. நீங்க இஞ்சியப் பச்சப் பால்லயா போட்டீங்க?"

"பின்ன எதுல போடறது?"

ஹலீமா பாத்திரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இஞ்சியைத் தண்ணீரில் கொதிக்கவிட்ட பிறகுதான் பால் ஊற்ற வேண்டும், பச்சைப் பாலில் போட்டால் திரியும். இது சமைக்கப் பழகுகிற பெண்ணுக்கே தெரியும். இஞ்சி டீயில் மலைக்கே பேர் வாங்கிய மனுஷனுக்கு எப்படித் தெரியாமல் போகும்? அவள் மேற்கொண்டு கேட்பதற்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பாவாயியைக் கண்டிக்கப் போவதாகக் கிளம்பிவிட்டார். பாவாயி வீடு இருக்கும் திசைக்கு எதிர்த் திசையில் போனார்.

ராத்திரி படுக்கும்போது ஹலீமா நினைவைத் துழாவிப் பார்த்தாள். 'நான் போட்ட டீ' என்று அவர் எப்போதாவது சொல்லியிருக்கிறாரா? 'நம்ம கடை டீ' என்பார். 'போடற விதத்துல போடணும்' என்பார். 'நான் போட்டேன்' என்று ஒரு நாளும் சொன்னதாக ஞாபகம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்கு பஷீர் அகமது பள்ளிவாசலுக்குப் போயிருப்பார் என்ற கணக்கில், ஹலீமா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, இடது கையில் குடையைப் பிடித்தபடி, இருபது நிமிஷ இறக்கத்தை முப்பது நிமிஷத்தில் இறங்கினாள். இன்னொரு முறை வழுக்கினால் இடது கையும் போய்விடும் என்ற பயம்.

கல்லாவில் யாரும் இல்லை. பாய்லர் பக்கத்தில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றவன் சின்னையன். ஒரு கையை மேலே தூக்கி, இன்னொரு கையில் இருந்த குவளைக்கு டீயை இறக்கிக்கொண்டிருந்தான். சொட்டுக்கூட வெளியே சிந்தவில்லை. கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தது வேறு ஆள்.

ஹலீமாவைப் பார்த்ததும் பெஞ்சில் இருந்த இரண்டு டிரைவர்கள் மரியாதையாக எழுந்து வெளியே போனார்கள். சின்னையன் துண்டை அவிழ்த்துப் பெஞ்சைத் துடைத்தான்.

"வாங்க பாயம்மா. கையி எப்பிடிங்க இருக்குது? சொல்லியனுப்பியிருந்தா நானே வந்திருப்பனுங்களே."

"ஒரு டீ குடு சின்னையா," என்றாள்.

கொடுத்தான். ஹலீமா கிளாஸை இடது கையால் வாங்கி, வாயருகே கொண்டுபோனாள். குடிப்பதற்கு முன்பே வாசம் வந்துவிட்டது. இஞ்சி, மிளகு, ஏலக்காய். அவற்றுக்கு அடியில், மெல்லிசாக, காய்ந்த ஆரஞ்சுத் தோல். ஒரு வாய் குடித்தாள். சந்தேகமே இல்லை. அவள் அடுப்பிலிருந்து இறக்கியதுபோலவே இருந்தது.

"சின்னையா, இத யாரு போட்டது?"

"நாந்தானுங்க."

"எப்பருந்து?"

"கடைக்கு வந்த நாள்லருந்துங்க, உங்க கல்யாணம் ஆன வருசத்துலருந்து. எனக்கு முன்ன வேற ஆளு போட்டாருங்க. பாயி கல்லாவுல இருப்பாருங்க, நான் பாய்லர்கிட்ட இருப்பனுங்க."

"இதுல ஆரஞ்சுத் தோலு யாரு போடச் சொன்னது?"

சின்னையன் அவளைக் குழப்பத்தோடு பார்த்தான்.

"நீங்க குடுத்ததுதானுங்களே. நான் வேலைக்கு வந்த புதுசுல ஊட்டுக்கு இஞ்சி கொண்டாந்தனுங்க. நீங்க டீ குடுத்தீங்க. குடிச்சுப் பாத்துட்டு, இதுல என்னுங்க வாசம்னு கேட்டேன். நீங்க அடுப்பு மேட்டுலருந்து ஒரு கை தோல அள்ளிக் குடுத்தீங்க. அன்னிக்கிருந்து கடையில அதே மாதிரிதானுங்க போடறேன். அதுக்கு முன்ன இந்தக் கடையில ஈ ஓட்டிட்டு இருந்தமுங்க."

ஹலீமாவுக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவன் இருமிக்கொண்டிருந்தான். கஷாயத்துக்குக் கேட்கிறான் என்று நினைத்து அள்ளிக் கொடுத்திருந்தாள்.

"இத உங்க பாயிகிட்டச் சொன்னியா?"

"சொல்லோணுங்களா? ஊட்டு டீயாச்சுங்களே. தெனம் ரெண்டு வேள குடிக்கறவருக்குத் தெரியாமயா இருக்கும்?"

அந்தக் கேள்வி ஹலீமாவின் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. முதலில் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் நின்று கோபமாக மாறியது. கிராம்பும் பட்டையும் துளசியும் திரிந்துபோன இரண்டு படிப் பாலும் வரிசையாக நினைவுக்கு வந்தன. அவளிடமிருந்து போன டீயையே அவளிடம் திருப்பிக் காட்டி, அதைப் போல வரவில்லை என்று இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறார். அவளுக்கு அழுகையும் வந்தது. டீக்கடையில் உட்கார்ந்து அழக் கூடாது என்று மிச்ச டீயைக் குடித்து முடித்தாள். நன்றாகத்தான் இருந்தது. அது ஒரு தனி எரிச்சல்.

"சின்னையண்ணே," என்றாள். அதுவரை எடுபிடி என்று நினைத்திருந்த மனுஷரை இனி அவன் இவன் என்று சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை. "செவ்வாக்கெழம ஊட்டுக்கு வரும்போது பின்வாசல்ல நிக்காதீங்க. அடுப்படிக்கு வாங்க. எங்கூட்டு அடுப்புல நீங்க ஒரு டீ போடோணும்."

சின்னையன் அதில் ஒரு பிசகையும் பார்க்கவில்லை. கை முறிந்தவளுக்கு ஒத்தாசை என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பஷீர் அகமது வந்து, சாப்பிட்டு, படுத்து, நாலு மணிக்கு எழுந்தார். முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து கொட்டாவி விட்டார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டதும் காதைத் தீட்டினார். ஹலீமா இடது கையில் கிளாஸைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"அட, ஒத்தக் கையாலயேவா?" என்றார் சந்தோஷமாக.

தான் போட்டதாக ஹலீமா சொல்லவில்லை. ஒன்றைச் சொல்லாமல் விடுவது எப்படி என்று இருபத்தொரு வருஷமாகப் பார்த்திருக்கிறாள் அல்லவா. கதவோரம் போய் நின்றாள். கல்யாணமான புதிதில் நின்ற அதே இடம்.

அவர் ஒரு வாய் உறிஞ்சினார். கண்ணை மூடினார். ஹலீமாவுக்கு ஒரு நொடி மனசு தடுமாறியது. சொல்லாமல் இருந்துவிடேன் மனுஷா என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

"நல்லாத்தான் இருக்குது," என்றார் பஷீர் அகமது. "ஒத்தக் கையால போட்டதுக்கு நொம்ப நல்லாவே இருக்குது. ஆனா நம்ம கடை டீயில இருக்கற அந்த இது வரல."

"சின்னையண்ணே," ஹலீமா அடுப்படிப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள், "கொஞ்சம் இங்க வாங்க. உங்க டீயில அந்த இது இல்லயாம்."

சின்னையன் வடிகட்டியைக் கையில் பிடித்தபடியே வந்து நின்றார். முதலாளியைப் பார்த்தார், முதலாளியம்மாவைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். பஷீர் அகமதுவின் கையில் இருந்த கிளாஸ் பாதி வழியில் நின்றது.

"நான் கெளம்பறனுங்க. செம்மநத்தம் பஸ் போயிரும்," என்றார் சின்னையன். அந்த பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. இருந்தாலும் வடிகட்டியை ஹலீமாவின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். பஷீர் அகமது தொண்டையைச் செருமினார்.

"நான் எப்பச் சொன்னேன் நாந்தான் போடறேன்னு?"

"சொல்லலீங்க. நீங்க ஒண்ணுமே சொல்லல. அந்த இது வரல, அந்த இது வரலன்னு மட்டுந்தான் சொன்னீங்க." ஹலீமா குரலை உயர்த்தவில்லை. "அது என்னோட டீங்க. நான் குடுத்த தோல வெச்சு அந்த மனுசன் போடறாரு. ஊரு பூரா அதக் குடிச்சுட்டு நல்லாருக்குதுன்னு சொல்லுது. நான் என்ன கொறை என்ன கொறைன்னு தெனம் அடுப்புகிட்ட நின்னு ரோசன பண்ணேன். என்னைக்காவது ஒரு நாளு ஆனா இல்லாம சொல்லிருவீங்கன்னு. என்னங்க கெட்டுப்போயிருக்கும் உங்களுக்கு?"

அவர் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடையில எனக்குன்னு என்ன இருக்குது ஹலீமா?" என்றார் கடைசியில். "வர்றவங்கெல்லாம் சின்னையா, ஒரு டீ போடுன்னுதான் கேக்கறாங்க. நான் கல்லாவுல உக்காந்திருக்கறேன். ஊட்டுக்கு வந்து உங்கிட்ட மட்டுந்தான் டீயப் பத்தித் தெரிஞ்சவனாட்டம் பேச முடிஞ்சுது. மொத நாளு சும்மா சொன்னது. அப்பறம் அத நிறுத்தற வழி தெரியல."

வேறு யாராவது இருந்தால் இந்த இடத்தில் மனம் இளகியிருப்பார்கள். ஹலீமாவுக்குக் கொஞ்சம் இளகத்தான் செய்தது. ஆனால் இருபத்தொரு வருஷத்து எரிச்சல் ஒரு சாயங்காலத்தில் வடிகிற எரிச்சல் இல்லை. வடிகட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு அதற்கு மேல் பேசவில்லை.

மறுநாள் விடிகாலையில் தீக்குச்சி கிழிக்கிற சத்தம் கேட்டு விழித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதில் ஸ்டவ் பற்றிக்கொண்டு இரைந்தது. இஞ்சி நசுங்கியது. சற்று நேரம் கழித்து அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"ஹலீமா, இஞ்சிய மொதல்ல தண்ணியிலதானே?"

"தண்ணியில," என்றாள், படுத்தபடியே.

"மொளகு எத்தன?"

"நாலு."

"தோலு?"

"நகத்தளவு. அள்ளிப் போட்டுராதீங்க, கசக்கும்."

"பாலு இப்ப ஊத்தட்டா?"

"தூளு போட்டீங்களா?"

டீத்தூள் டப்பா திறக்கிற சத்தம் கேட்டது. ஹலீமா கண்ணை மூடிக்கொண்டு, யா அல்லா, என்று முனகினாள். ஒரு டீயைக் கையால் போடுவதைவிடக் குரலால் போடுவது இத்தனை சிரமம் என்று அவளுக்குத் தெரியாது.

கடை திறக்கிற நேரம் தாண்டி அரை மணி ஆனபிறகு, பஷீர் அகமது கிளாஸைத் துண்டால் பிடித்துக்கொண்டு வந்தார். சட்டையில் டீக்கறை. வலது கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டு வாயருகே வைத்து ஊதினார். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஹலீமாவின் இடது கையில் கிளாஸைக் கொடுத்துவிட்டு, போகாமல் கதவோரம் நின்றார். அந்த வீட்டில் யாரோ போட்டுக் கொடுத்து அவள் சூடாகக் குடிக்கப்போகிற முதல் டீ அது.

ஒரு வாய் உறிஞ்சினாள். இஞ்சி சரியாக நசுங்கவில்லை. தோல் கூடிப்போய் அடியில் கசந்தது. மூன்று முறை பொங்கவிட்டிருக்க மாட்டார், ஒரு முறை பொங்கியதும் பயந்து இறக்கியிருக்கிறார். சர்க்கரை இரண்டு பேருக்குப் போதும். சொல்ல வேண்டிய 'ஆனா'க்கள் அவள் நாக்கு நுனியில் வந்து நெருக்கியடித்து நின்றன. நிமிர்ந்து பார்த்தாள். அவர் துண்டின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நல்லாருக்குதுங்க," என்றாள் ஹலீமா. எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவரும் ஒருமுறை காதால் கேட்டுக்கொள்ளட்டும் என்று, அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.